மித்ராஸும் மத்ரஸாவும்
தௌராத் விரிவுரை மரபும் தமிழ் முஸ்லிம் வாசிப்பும்

செஞ்சிக் கோட்டைக்குள் ஒரு பழைய பள்ளிவாசல் உள்ளது. ஆற்காட்டு நவாப் சஆதத்துல்லா கான் 1717-18இல் கட்டுவித்தது அது. அதற்கு மூன்றாண்டுகள் முன்னர், 1714இல், செஞ்சியின் இளம் தலைவன் தேசிங்கு நவாபின் படையை எதிர்த்துப் போரிட்டு மடிந்தான். வரலாற்று நூல்கள் இந்நிகழ்ச்சியைச் சில வரிகளில் முடித்துவிடும். தேசிங்கு, சொரூப்சிங்கின் மகன், கட்ட வேண்டிய திறை நிலுவையைக் கட்ட மறுத்தான், போர் மூண்டது, மாண்டான். அவ்வளவே.

ஆயினும் செஞ்சி வட்டாரத்து மக்கள் நினைவில் வாழும் தேசிங்கு இவனல்லன். கதைப்பாடலின் தேசிங்கு, எவராலும் அடக்க முடியாத குதிரையை அடக்கியவன். அவனுடைய உயிர்த்தோழன் மகமத்கான், தனக்கு நடந்துகொண்டிருந்த திருமணத்தை விட்டெழுந்து நண்பனுக்காகக் களம் புகுந்து உயிர் துறந்தவன். செஞ்சிக்கு அருகே நீலாம்பூண்டியில் அத்தோழனின் அடக்கத்தலத்தையும் குதிரையின் சமாதியையும் இன்றும் மக்கள் காட்டுகின்றனர். ஆவணம் ‘நிலுவை’ என்று எழுதி நின்றுவிடுகிறது. ‘இத்தனை சிறு படையுடன் அவன் ஏன் போனான்? அவனருகில் நின்றது யார்?’ என்று நினைவு கேட்கிறது. ஆவணத்தின் மௌனத்திற்குள் நுழைந்து அது விடையும் கண்டுகொள்கிறது.

ஒரு பனுவலின் மௌனத்தை வினவி விடை காணும் இவ்வியல்பு, நாட்டுக் கதைகளுக்கு மட்டும் உரியதன்று. வேதத்தைப் படித்த சமுதாயங்கள் அனைத்திலும் அது உண்டு. அவற்றுள் மிகப் பழமையானதும் மிகக் கட்டுக்கோப்பானதும் யூத அறிஞர்களின் ‘மித்ராஷ்’ மரபாகும். அம்மரபு நமக்கு அந்நியமானதென்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். அவ்வெண்ணம் எவ்வளவு சரியானது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு வேர், இரு சொற்கள்

எபிரேய மொழியில் ‘தரஷ்’ என்னும் வேர்ச்சொல் தேடுதல், விசாரித்தல் எனப் பொருள்படும். அதிலிருந்து பிறந்ததே ‘மித்ராஷ்’. அரபியில் இதற்கு இணையான வேர் ‘தரஸ’. ‘தர்ஸ்’, ‘முதர்ரிஸ்’, ‘மத்ரஸா’ ஆகியன அவ்வேரினின்று தோன்றியவை. நம் சிற்றூர்களில் குழந்தைகள் காலையில் ஓதச் செல்லும் மத்ரஸாவும், பழைய யூதர்கள் வேதம் ஆய்ந்த மித்ராஷ் இல்லமும் சொல்லளவில் உடன்பிறந்தவை.

இது வெறும் சொல்லாராய்ச்சியன்று. மதீனாவில் யூதர்கள் வேதம் பயின்ற இடத்தை ஹதீஸ் நூல்கள் ‘பைத்துல் மித்ராஸ்’ என்றே குறிப்பிடுகின்றன. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களுடன் அங்குச் சென்ற செய்தி புகாரியில் இடம்பெற்றுள்ளது. வேதமுடையோர் தம் வேதத்தை ஓதியும் ஆய்ந்தும் வந்ததைக் கூறுமிடங்களில் (3:79, 7:169) திருக்குர்ஆனும் இவ்வேர்ச்சொல்லையே ஆள்கிறது. யூதர்களின் எழுத்தைக் கற்குமாறு ஸைத் இப்னு தாபித் (ரலி) அவர்களை நபியவர்கள் பணித்ததைத் திர்மிதீ பதிவு செய்துள்ளார்.

விரிவுரையின் இலக்கணம்

தௌராத் என்பது யூதர்களைப் பொறுத்தவரை முதலில் ஐந்து நூல்களைக் குறிக்கும். ஆனால், எழுதப்பட்ட தௌராத்துடன் வாய்மொழித் தௌராத்தும் உண்டு என்பது அவர்களுடைய ரப்பிமார்களின் கொள்கை. வாய்மொழி மரபின் சட்டப்பகுதி கி.பி. 200ஐ ஒட்டி ‘மிஷ்னா’ எனத் தொகுக்கப்பட்டது. அதன்மீதான விவாதங்கள் தல்மூதாக விரிந்தன. வசனங்களின் ஒழுங்கிலேயே விளக்கம் தரும் மித்ராஷ் நூல்களும் தோன்றின. அவற்றுள் ஆதியாகமத்திற்கான ‘பெரெஷித் ரப்பா’ ஏறத்தாழ ஐந்தாம் நூற்றாண்டில் பாலஸ்தீனத்தில் உருவானது. பின்னர், பிரான்ஸ் நாட்டு ‘ராஷி’ (1040-1105), ஸ்பெயினின் இப்னு எஸ்ரா, ரம்பான் எனப்படும் நஹ்மானிதெஸ் (1194-1270) முதலான உரையாசிரியர்கள் வந்தனர். மூலவசனம் நடுவிலிருக்க, அரமிய மொழிபெயர்ப்பும் ராஷி முதலியோர் உரைகளும் சுற்றிச் சூழ நிற்கும் ஏடுகள் 1516-17இல் வெனிஸ் நகரில் அச்சாயின. ஓரக்குறிப்புகள் சூழ்ந்த தப்ஸீர் ஏடுகளைக் கண்ட நம் ஆலிம்களுக்கு அப்பக்க அமைப்பு புதுமையாகத் தோன்றாது.

மித்ராஷின் அடிப்படை நம்பிக்கை ஒன்றே: வேதத்தில் வீண்சொல் இல்லை. ஒரு சொல் மிகையாகத் தோன்றினாலோ, ஒருமை வரவேண்டிய இடத்தில் பன்மை வந்தாலோ, அங்கே ஒரு போதனை மறைந்திருக்கிறது. நூலாசிரியன் ஒரு சொல்லை ஏன் இவ்விடத்தில் பெய்தான் என்று கேட்டு, விடை கூறி மேற்செல்லும் தமிழ் உரையாசிரியர்களின் போக்கை அறிந்தவர்க்கு இது எளிதில் விளங்கும்.

எடுத்துக்காட்டு ஒன்று காண்போம். ஆதமின் மகன் தன் உடன்பிறந்தவனைக் கொன்றபின், கொல்லப்பட்டவனின் குருதி இறைவனை நோக்கி முறையிடுவதாக ஆதியாகமத்தின் நான்காம் அதிகாரம் கூறுகிறது. எபிரேய மூலத்தில் ‘குருதி’ என்னும் சொல் பன்மையில் உள்ளது. ஒருவனின் குருதிக்குப் பன்மை ஏன்? அது அவனுடைய குருதியும், அவன் வழியில் பிறந்திருக்க வேண்டிய தலைமுறைகள் அனைத்தின் குருதியும் ஆகும் என்கிறது மிஷ்னா. ஆகவே, ஓர் உயிரை அழிப்பவன் உலகம் முழுவதையும் அழித்தவன் போலாவான். ஓர் உயிரைக் காப்பவன் உலகம் முழுவதையும் காத்தவன் போலாவான் என்று அது முடிக்கிறது. இவ்விளக்கம் இடம்பெறும் சூழல் கவனிக்கத்தக்கது. மரண தண்டனைக்குரிய வழக்கில் சாட்சி சொல்ல வருவோரை நீதிபதிகள் எச்சரிக்கும் சொற்களாக இது அமைந்துள்ளது.

ஆதமின் இரு மைந்தர் வரலாற்றைக் கூறிய உடனே திருக்குர்ஆன் (5:32) இதே கட்டளையை எடுத்துரைக்கிறது; அதனை இஸ்ராயீலின் மக்களுக்கு விதித்ததாகவும் வெளிப்படையாகச் சொல்கிறது. ‘இக்கட்டளை இஸ்ராயீல் மக்களுக்கு எங்கே விதிக்கப்பட்டது?’ என்று ஐந்து நூல்களை மட்டும் புரட்டுபவர் இத்தகைய வாசகத்தைக் காணமாட்டார். மித்ராஷ் மரபை அறிந்தவரோ, மதீனத்து யூதர் தம் கல்விக்கூடத்திலிருந்து எடுத்து வைத்திருந்த செல்வத்தையே அவ்வசனம் அவர்களுக்கு நினைவூட்டியது என்பதை உணர்வார். இன்னொன்றும் உண்டு. மிஷ்னாவின் அச்சுப் பதிப்புகள் பலவற்றில் ‘இஸ்ராயீலைச் சேர்ந்த ஓர் உயிர்’ என்றுள்ளது. பழைய கைப்பிரதிகளிலோ ‘இஸ்ராயீலைச் சேர்ந்த’ என்னும் தொடர் காணப்படவில்லை. திருக்குர்ஆன் வசனம் எவ்வித வரையறையுமின்றி மனித உயிர் எனப் பொதுவாகவே பேசுகிறது. அச்சுப் பதிப்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு யூத மரபு முழுவதையும் குறுகியதெனத் தூற்றுவோர், கைப்பிரதிகளின் சான்றையும் பார்த்தல் நேர்மையாகும்.

இப்னு சலாமின் மூன்று வினாக்கள்

நபியவர்கள் மதீனா வந்தடைந்தபோது, யூத அறிஞர் அப்துல்லாஹ் இப்னு சலாம் அவர்களைக் கண்டு, ஒரு நபியன்றி வேறெவரும் அறியாதவை எனக் கூறி மூன்று வினாக்களைத் தொடுத்தார். மறுமையின் முதல் அடையாளம் எது? சுவனவாசிகள் உண்ணும் முதல் உணவு எது? குழந்தை தந்தையையோ தாயையோ ஒத்திருப்பது எதனால்? அனஸ் (ரலி) வழியாகப் புகாரி இதனைப் பதிவு செய்கிறார். விடைகளைக் கேட்ட இப்னு சலாம் இஸ்லாத்தை ஏற்றார்.

சுவனவாசிகளின் முதல் உணவு மீனின் ஈரலில் துருத்தி நிற்கும் பகுதி என்பது இரண்டாம் வினாவிற்கான விடை. யூத மரபை அறியாதவருக்கு இவ்விடை புதிர்போலத் தோன்றும். ஆயினும், மறுமையில் நல்லோர்க்கு ‘லிவியாத்தான்’ என்னும் மாமீனின் விருந்து காத்திருக்கிறது என்று தல்மூது விரிவாகப் பேசுகிறது. குழந்தை பற்றிய மூன்றாம் வினாவும் அவ்வாறே. ஆண்–பெண் இருவரின் வித்துகளுள் எது முந்துகிறது என்பதைக் கொண்டு பிறக்கும் குழந்தையின் இயல்பை விளக்கும் உரையாடல், லேவியராகமத்தின் ஒரு வசனத்தையொட்டித் தல்மூதில் வருகிறது. ஆக, இப்னு சலாம் கேட்டவை தெருவில் எவரும் கேட்கும் வினாக்கள் அல்ல. மித்ராஷ் இல்லத்தில் வளர்ந்த ஒருவரின் வினாக்கள். அவர் ஏன் அவ்விடைகளால் ஆட்கொள்ளப்பட்டார் என்பது, அவர் படித்த படிப்பை நாமும் ஓரளவு அறியும்போதுதான் முழுமையாக விளங்குகிறது.

இம்மூன்று வினாக்கள் காலப்போக்கில் ஆயிரமாயின. ‘அப்துல்லாஹ் இப்னு சலாமின் மஸாயில்’ என்னும் அரபு நூல், 1143ஐ ஒட்டி ஸ்பெயினில் இலத்தீனுக்குப் பெயர்க்கப்பட்டது. பாரசீகம், மலாய், ஜாவானியம் எனப் பல மொழிகளிலும் பரவியது. தமிழிலும் வந்தது. வண்ணப்பரிமளப் புலவர் 1572இல் மதுரையில் அரங்கேற்றிய ‘ஆயிர மசலா’ இதுவே. நமக்கு முழுமையாகக் கிடைக்கும் இஸ்லாமியத் தமிழ் இலக்கியங்களுள் காலத்தால் முந்தியது அது. அதாவது, தமிழ் முஸ்லிம்களின் இலக்கிய வரலாற்றின் வாயிலில் நின்று வினாத் தொடுப்பவர் தௌராத் கற்ற ஒரு யூத அறிஞர்! இதனைப் பெரும்பாலும் நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

அந்நூல் அரங்கேறியதற்கு நான்காண்டுகள் முன்னர்தான், 1568இல், கொச்சியில் பரதேசி யூதர்களின் ஜெபஆலயம் எழுந்தது. அவர்களுக்கும் முந்திய மலபார் யூதர்கள் அந்நிலத்தில் நெடுங்காலம் வாழ்ந்தவர்கள். கி.பி. 849ஆம் ஆண்டின் தரிசாப்பள்ளிச் செப்பேடுகளில் கூஃபி எழுத்தில் அரபு முஸ்லிம் சாட்சிகளும், எபிரேய எழுத்தில் பாரசீகம் எழுதிய யூத சாட்சிகளும் ஒரே ஏட்டில் கையொப்பமிட்டுள்ளனர். கொச்சி யூதப் பெண்கள் குறிப்பேடுகளில் எழுதி வைத்துப் பாடிய மலையாளப் பாடல்களில் தௌராத் வரலாறுகள் மித்ராஷ் விளக்கங்களுடன் கலந்தே வருகின்றன. நம் பாட்டிமார்கள் கிஸ்ஸாக்களையும் மாலைகளையும் ஓதிய அதே மண்ணடுக்கில் முளைத்தவை அவை.

நம்ரூது என்னும் பெயரையே எடுத்துக்கொள்வோம். இப்றாஹீம் (அலை) அவர்களை நெருப்பிலிட்ட கொடுங்கோலன் நம்ரூது என்பதைத் தமிழ் முஸ்லிம் குழந்தைகளும் அறியும். ஆனால், அப்பெயர் திருக்குர்ஆனில் இல்லை. தப்ஸீர்கள் வழியே நம்மை வந்தடைந்தது. சிலையுடைப்பும் நெருப்பும் திருக்குர்ஆனில் (21:51-70) உள்ளன; ஆதியாகமத்தின் மூலத்தில் இல்லை. பெரெஷித் ரப்பாவிலோ சிலைகள், பெரிய சிலையின் கையில் வைக்கப்பட்ட தடி, நம்ரூது, நெருப்பு யாவும் உள்ளன. ரப்பிமார் இதனை எவ்விடத்தில் கூறுகின்றனர் என்பது சுவையானது. இப்றாஹீமின் சகோதரன் ஹாரான், கல்தேயரின் ‘ஊர்’ என்னும் பதியில் தந்தையின் முன்னிலையில் இறந்தான் என ஒரு வசனம் கூறுகிறது. மகன் தந்தைக்கு முன் ஏன் இறக்க வேண்டும்? ‘ஊர்’ என்னும் சொல் எபிரேயத்தில் நெருப்பையும் குறிக்கும். எனவே அவன் நெருப்பில் இறந்தான்; இப்றாஹீம் வென்றால் அவர் பக்கம், நம்ரூது வென்றால் அவன் பக்கம் எனத் தயங்கி நின்றமையால் இறந்தான் என்பது அவர்கள் கண்ட விடை.

வேப்பேரியில் அச்சான ஒரு நூல்

இவ்வொப்புமைகளை முதன்முதலாக முறைப்படுத்தி எழுதியவர் ஆபிரகாம் கைகர் என்னும் ஜெர்மானிய யூத அறிஞர். பான் பல்கலைக்கழகம் அறிவித்த பரிசுப் போட்டிக்காக எழுதி, 1833இல் அவர் வெளியிட்ட நூல், முஹம்மத் யூத மார்க்கத்திலிருந்து எவற்றைப் பெற்றார் என்பதையே தலைப்பாகக் கொண்டது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு எங்கே அச்சாயிற்று? நம் சென்னையின் வேப்பேரியில், 1898இல், கிறிஸ்தவ அமைப்பொன்றின் அச்சகத்தில். முஸ்லிம்களிடையே பணியாற்றும் மிஷனரிகளுக்குப் பயன்படும் என்பதே அம்மொழிபெயர்ப்பின் நோக்கமாக இருந்தது. யூத அறிஞரின் ஆய்வு கிறிஸ்தவர் கையில் முஸ்லிம்களுக்கு எதிரான வாதக் கருவியாயிற்று. மித்ராஷ் என்றதும் நம் முன்னோர் முகஞ்சுளித்ததற்கு இத்தகைய வரலாறும் ஒரு காரணம்.

கைகரின் புலமையை மறுப்பதற்கில்லை. அவருடைய முடிவுகளின் அடித்தளம்தான் பலவிடங்களில் தளர்ந்துவிட்டது. ஒப்புமை இருந்தாலே பின்வந்தவர் முன்னவரிடம் பெற்றார் என அவர் கொண்டார். அவர் சான்று காட்டிய நூல்களுள் ஒன்று ‘பிர்கே தெ ரப்பி எலியேசர்’. அது இஸ்லாம் தோன்றிய பின்னர், ஏறத்தாழ எட்டாம் நூற்றாண்டில் உருவானதென்று இன்றைய ஆய்வாளர் கருதுகின்றனர். இப்றாஹீம் (அலை) அவர்கள் மகன் இஸ்மாயீலின் வீட்டிற்குச் சென்று, மகன் இல்லாத வேளையில், வாசற்படியை மாற்றுமாறு மருமகளிடம் குறிப்பாகச் சொல்லிவரும் நிகழ்ச்சி நம் புகாரியில் உண்டு. அந்த யூத நூலிலும் அது வருகிறது. அங்கே இஸ்மாயீலின் இரு மனைவியரின் பெயர்கள் ஆயிஷா, ஃபாத்திமா! இப்பெயர்கள் எத்திசையிலிருந்து எத்திசைக்குச் சென்றன என்பதை எவரும் உணரலாம். கொடுக்கல் வாங்கல் ஒருவழிப் பாதையன்று. யூத உரை மரபே அரபுச் சூழலில் செழித்தது. ஸஅதியா காவோன் (882-942) தௌராத்தை அரபியில் பெயர்த்து விளக்கினார். அதற்கு வழங்கும் பெயர் ‘தப்ஸீர்’ என்பதே.

முஸ்லிமுக்கு இதில் தடுமாற இடமில்லை. திருக்குர்ஆன் தனக்கு முந்திய வேதங்களை மெய்ப்பிப்பதாகவும், அவற்றைக் கண்காணிப்பதாகவும் (5:48) தன்னைப் பற்றியே அறிவிக்கிறது. ஒரே இறைவனிடமிருந்து வந்த செய்திகளில் ஒப்புமை இருப்பது வியப்பன்று. வஹீயின் மூலம் எது என்பது நம்பிக்கையின் வினா. முதன்முதலில் அதனைச் செவியுற்றோர் எவற்றை அறிந்திருந்தனர் என்பது வரலாற்றின் வினா. இரண்டையும் ஒன்றாகக் குழப்பியதே கைகரின் பிழை. அதே குழப்பத்திற்கு அஞ்சி இரண்டாம் வினாவையே கேட்க மறுப்பது நம் பிழையாகிவிடக் கூடாது.

நம் அறிஞர்கள் வகுத்த வழி

‘இஸ்ராயீலிய்யாத்’ பற்றி நம் முன்னோர் ஆழ்ந்து சிந்தித்துள்ளனர். இஸ்ராயீல் மக்களிடமிருந்து கேட்டறிவிப்பதில் குற்றமில்லை என்னும் ஹதீஸும், வேதமுடையோர் கூறுவதை உண்மையென ஏற்கவும் வேண்டாம், பொய்யென மறுக்கவும் வேண்டாம் என்னும் ஹதீஸும் புகாரியில் உள்ளன. உமர் (ரலி) அவர்கள் வேதமுடையோரின் ஏடொன்றைக் கொண்டுவந்தபோது நபியவர்கள் அதனை விரும்பவில்லை என்ற அறிவிப்பும் உண்டு. அதன் அறிவிப்பாளர் தொடர் குறித்து ஹதீஸ் அறிஞரிடையே கருத்து வேறுபாடு நிலவுகிறது. இவற்றையெல்லாம் நோக்கியே இப்னு கதீர் (இறப்பு 1373) மூவகைப் பாகுபாட்டைத் தம் தப்ஸீரின் முன்னுரையில் கூறினார்: நம் வேதம் மெய்ப்பிப்பவை, நம் வேதத்திற்கு முரணானவை, நம் வேதம் மௌனம் காப்பவை. மூன்றாம் வகையை ஏற்காமலும் மறுக்காமலும் எடுத்துரைக்கலாம்.

கெய்ரோவின் புர்ஹானுத்தீன் அல்பிகாயீ (1406-1480) இன்னும் ஒருபடி மேலே சென்றார். வசனங்களுக்கிடையிலான தொடர்பை ஆராயும் தம் ‘நழ்முத் துரர்’ என்னும் தப்ஸீரில், செவிவழிக் கதைகளை நம்பாமல் தௌராத்தையும் இன்ஜீலையும் நேரடியாக எடுத்தாண்டார். எதிர்ப்பு கிளம்பியது, தம் செயலை நியாயப்படுத்தித் தனி நூலே எழுதினார்.

இந்தியாவிலும் இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. திருக்குர்ஆனின் அமைப்பொழுங்கை ஆராய்ந்த ஹமீதுத்தீன் ஃபராஹீ (1863-1930), அலிகர் கல்லூரியில் அரபு கற்பித்துவந்த ஜோசப் ஹோரோவிட்ஸ் என்னும் ஜெர்மானிய யூத அறிஞரிடம் எபிரேயம் கற்றார். பலியிட அழைக்கப்பட்ட மைந்தர் இஸ்மாயீலே என நிறுவும் நூலில் அவர் தௌராத்தின் வசனங்களையே சான்றாக அலசினார். நேரடியாகப் படித்தவரால்தான் நேர்மையாக மறுக்கவும் முடியும் என்பதற்கு அந்நூலே சான்று.

செஞ்சியில் பள்ளிவாசல் எழுப்பிய சஆதத்துல்லா கான் நவாயத் குடியினர். அதே கொங்கணக் குடியில் தோன்றியவர் என மதிக்கப்படுபவர்தான் மாஹிமின் மக்தூம் அலீ (1372-1431). தம் ‘தப்ஸீருர் ரஹ்மான்’ நூலில் ஒவ்வொரு அத்தியாயத்தின் தொடக்கத்திலும் வரும் பிஸ்மில்லாஹ்வுக்கு அவ்வத்தியாயத்தின் பொருளுக்கேற்ற தனி விளக்கம் தந்தவர் அவர். வேதத்தில் ஒரு சொல்லும் வெற்றாகத் திரும்ப வருவதில்லை என்னும் நம்பிக்கை, அவரையும் ராஷியையும் தொலைவிலிருந்தே ஒப்பவைக்கிறது.

இழப்பும் பொறுப்பும்

அண்மைத் தலைமுறைகளில் ‘இஸ்ராயீலிய்யாத்’ என்னும் சொல் நம்மிடையே ஒரு வசைச்சொல்லாகிவிட்டது. அடிப்படைக் கொள்கையைத் தூய்மையாகப் பேண வேண்டும் என்னும் அக்கறை மதிக்கத்தக்கதே. ஆனால், அச்சொல்லைச் சொல்லியே ஆயிர மசலாவையும் நபிமார் கிஸ்ஸாக்களையும் அலமாரியிலிருந்து இறக்கிவிட்டோமெனில், நானூறு ஆண்டுத் தமிழ் முஸ்லிம் நினைவின் ஒரு பகுதி நம் பிள்ளைகளுக்குப் புரியாத மொழியாகிவிடும். அந்நூல்களைச் சட்டமாகவோ அகீதாவாகவோ படிக்க வேண்டியதில்லை. எச்செய்தி எங்கிருந்து வந்தது, எவ்வினாவிற்கு விடையாக எழுந்தது என்று தரம் பிரித்துப் படிக்கலாம். அதற்கு மித்ராஷ் மரபின் அறிவு கைவிளக்காகும். பிற சமுதாயத்தின் வேதக் கல்வியை அரசியல் சினத்தின் கண்ணாடி வழியே மட்டும் நோக்காமல், அவர்கள் படித்த முறையிலேயே ஒருமுறை படித்துப் பார்க்கும் நீதியும் அதில் அடங்கும். ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை நீதி தவறச் செய்துவிடக் கூடாதென்பது (5:8) நமக்கிடப்பட்ட கட்டளையன்றோ?

2025இல் யுனெஸ்கோ, மராத்தியக் கோட்டைகளின் வரிசையில் செஞ்சியை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. அவ்வொரு பெயருக்குள் செஞ்சி அடங்கிவிடுவதில்லை. ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சமண ஆசிரியர் சந்திரநந்தியின் கல்வெட்டு திருநாதர்குன்றில் உள்ளது. கோட்டைக்குள் கோயிலும் பள்ளிவாசலும் உள்ளன. நீலாம்பூண்டியில் இந்து நண்பனுக்காக மடிந்த முஸ்லிம் வீரனின் அடக்கத்தலம் உள்ளது. கல்வெட்டைப் படிப்பவருக்கு ஆண்டும் பெயரும் கிடைக்கும். கதைப்பாடலையும் சேர்த்துக் கேட்பவருக்கே அம்மக்கள் எதை மறக்க விரும்பவில்லை என்பது விளங்கும். வேதங்களைப் படிப்பதும் அத்தகையதே. மூலத்தை மூலமாகவும் உரையை உரையாகவும் அறிந்து, இரண்டையும் உரிய இடத்தில் வைத்துப் படிக்கும் பழக்கத்தை நம் மத்ரஸாக்களும் கல்லூரிகளும் வளர்க்க வேண்டும். இப்னு சலாம் அன்று வினாக்களுடன் வந்தார். நபியவர்கள் அவ்வினாக்களை மதித்து விடை தந்தார்கள். அந்த முன்மாதிரி நமக்குப் போதும்.